பாப்-டார்ட் வீட்டில்: ஜாம் ஒழுகாமல் இருக்க

அமெரிக்காவில் கெல்லாக்ஸ் 1964-இல் விற்கத் தொடங்கிய பாப்-டார்ட்டை (நடுவில் ஜாம் வைத்து மூடிய தட்டையான மாவுப் பண்டம்) வீட்டில் செய்தால் பெரிய தலைவலி ஜாம் ஒழுகுவதுதான். சூட்டில் ஜாம் இளகும். அதிலிருந்து எழும் ஆவி ஓரத்தைப் பிளந்துவிடும். எனக்குக் கைகொடுத்தது சோளமாவு (கார்ன்ஃப்ளோர்). 120 கிராம் மலிவான ஜாமில், 2 டீஸ்பூன் தண்ணீரில் கரைத்த 2 டீஸ்பூன் சோளமாவை ஊற்றி, கொதித்துக் கெட்டியாகும்வரை கிளறி, முழுக்க ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக வைத்தால்கூட வெண்ணெய் உருகி மாவு தொய்ந்துவிடும்.

மாவுக்கு: மைதா 250 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 125 கிராம், உப்பு அரை டீஸ்பூன் (உப்பு வெண்ணெய் என்றால் வேண்டாம்), ஐஸ் தண்ணீர் 4–5 டேபிள்ஸ்பூன். பிசையாமல் சேர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 3 மி.மீ. கனத்தில் தேய்த்து, 8×11 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். அடிக்கு ஒன்று, மேலே மூட ஒன்று என இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறேழு பாப்-டார்ட் வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு டேபிள்ஸ்பூன் ஜாம் போதும். ஆசைப்பட்டு அள்ளி வைக்காதீர்கள். ஓரத்தில் 1 செ.மீ. விட்டு, பால் தடவி, இன்னொரு துண்டால் மூடி, முள்கரண்டியால் அழுத்துங்கள். மேலே ஏழெட்டு துளைகள் கட்டாயம். மறுபடி 20 நிமிடம் குளிரவைத்து, ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 22–25 நிமிடம் சுடுங்கள். முட்டை தேவையில்லை, சுடுமுன் மேலே பால் பூசினாலே நிறம் வரும்.

ஐசிங்குக்கு மிக்ஸியில் பொடித்த சர்க்கரை 100 கிராம், பால் 3–4 டீஸ்பூன். நன்றாக ஆறிய பிறகே பூசுங்கள். பூசியதை டோஸ்டரில் போடாதீர்கள். உருகி, கம்பியில் சொட்டிக் கருகும். சூடாக்க ஓவனே சரி.