பழைய டிபேஸ் கோப்புகளை எக்செஸில் இணைப்பது: ஓர் அரிசி ஆலையில் செய்த விதம்

பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலை. நெல் கொள்வனவுக் கணக்கு முழுவதும் முன்மேசையில் உள்ள ஒரு பழைய வின்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருக்கிறது. விஷுவல் பேசிக்கில் யாரோ எழுதிக் கொடுத்த நிரல். எழுதியவர் இப்போது நாட்டில் இல்லை, நிறுவும் சீடியையும் காணவில்லை. ஆனால் காலபோக அறுவடை நேரம் நெல் மூடைகளோடு உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசை கட்டும்போது, கார்பன் தாளோடு டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில் பற்றுச்சீட்டு அடித்துத் தருவது அதுதான்.

"அதிலை கை வைக்காதை தம்பி. என்ரை மேசையிலை இருந்து கணக்கைப் பாக்கக்கூடிய மாதிரிச் செய்து தா, காணும்" என்றார் முதலாளி அண்ணை. பழையதைப் புதிதாக மாற்று என்று அவர் கேட்கவில்லை. அங்கேயே இருக்கட்டும், இங்கிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கிளிநொச்சியில் கணினி திருத்தும் எனக்கு இப்படி வேலை வருவது இது முதல் தடவை இல்லை. வழி இதுதான்: கணக்கு கிடக்கும் பழைய டிபேஸ் தரவுத்தளக் கோப்புகளை, அண்ணையின் கணினியில் உள்ள மைக்ரோசொஃப்ட் எக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இணைத்துப் பார்ப்பது. அதைச் செய்த முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் கோப்புறையைத் திறந்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். டிபிஎஃப் என்று முடிவது அட்டவணை. அதே பெயரில் டிபிடி இருந்தால் நீளமான குறிப்புகள் அதற்குள் இருக்கும். இரண்டையும் பிரிக்கக் கூடாது. என்டிஎக்ஸ் என்பது பதிவுகளைத் தேடுவதற்கான சுட்டி, அதாவது இன்டெக்ஸ். இங்கே மூன்றும் இருந்தன, டிபேஸ் 3 வடிவம். எஃப்பிடி, சிடிஎக்ஸ் என்று கண்டால் அது ஃபொக்ஸ்புரோ என்ற இன்னொரு பழைய தரவுத்தளம். அதற்கு வழி வேறு: வேறு மென்பொருள்கள் அதன் கோப்புகளைப் படிக்க உதவும் ஃபொக்ஸ்புரோவின் ஓடிபிசி டிரைவரைப் போட வேண்டும். அது 32 பிட்டில் மட்டுமே உண்டு, ஆகவே எக்செஸும் 32 பிட்டாக இருக்க வேண்டும்.

எந்த எக்செஸ் என்பதும் முக்கியம். 2007, 2010 இரண்டும் டிபேஸைத் திறக்கும். 2013இல் அதைத் தூக்கிவிட்டார்கள். 2016இல் சந்தா கட்டுபவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அண்ணையின் மேசைக் கணினியில் வின்டோஸ் 7, 2010 எக்செஸ். எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

அதை நல்லது என்று சொல்வதற்குக் காரணம், எக்ஸ்பி கோப்புப் பகிர்வுக்குப் பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை மட்டும்தான். வின்டோஸ் 7க்கு அது தெரியும். வின்டோஸ் 10இல் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. அந்த ஆண்டு மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்ட வன்னாக்ரை என்ற தீநிரல் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான். வேறு வழியே இல்லை என்றால் வின்டோஸ் அம்சங்களை ஏற்றி இறக்கும் பட்டியலில் எஸ்எம்பி 1 இன் கிளையன்ட் பகுதியை மட்டும் தெரிவு செய்து, அந்த இரண்டு கணினிகளையும் இணையம் இல்லாத தனி நெட்வேர்க் சுவிட்சில் போடுங்கள். இணையத்தோடு இருக்கும் கணினியில் அதைத் திறந்துவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

எக்ஸ்பியில் கோப்புறையை வலது சொடுக்கிப் பகிர்வுப் பக்கத்துக்குப் போனால் இரண்டு கட்டங்கள் வரும். நெட்வேர்க்கில் பகிர் என்பதற்குச் சரி போடுங்கள். மற்றவர்கள் என் கோப்புகளை மாற்றலாம் என்பதை வெறுமையாக விடுங்கள். இந்த இரண்டாவது கட்டத்தின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. முன்பு வேறோர் இடத்தில் எழுதும் உரிமையோடு பகிர்ந்துவிட்டு, எக்செஸிலிருந்தே ஒரு விவசாயியின் பதிவைப் புதிதாகச் சேர்த்தேன். டிபிஎஃப்பில் பதிவு ஏறியது. பழைய நிரலின் என்டிஎக்ஸ் சுட்டிக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த நாள் அவர் நெல்லோடு வந்து நிற்க, நிரல் அப்படியொரு ஆள் இல்லை என்றது. பிழை என்னுடையது. நான் போய்ச் சுட்டியைத் திரும்பக் கட்டும்வரை மனிசன் வெயிலில் நின்றார்.

பகிர்வுப் பெயர் எட்டெழுத்துக்குள், ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டிபிஎஃப் கோப்பின் பெயருக்கும் அதே கணக்கு. எட்டுக்கு மேல் போனால் எக்செஸ் அந்தக் கோப்பையே காணவில்லை என்று அடம்பிடிக்கும். எக்ஸ்பிக்கு நிலையான ஐபி எண் கொடுங்கள். கரண்ட் போய் வந்ததும் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடிப்பிடிக்கச் சுணங்கும், எண்ணைக் கொடுத்தால் நேரே போகும். பாதையை இசட் டிரைவ் போல எழுத்துப் போட்டு மப் செய்யாமல், இரண்டு பின்சாய்கோடு, ஐபி எண், ஒரு பின்சாய்கோடு, பகிர்வுப் பெயர் என்று முழுதாகக் கொடுங்கள். மப் செய்த எழுத்து ஒரு பயனருக்கு இருக்கும், இன்னொருவர் நுழைந்தால் இருக்காது.

இனி எக்செஸ். புதிய வெற்றுத் தரவுத்தளம் ஒன்றைத் திறந்து, வெளித்தரவு என்ற தாவலில் மேலும் என்பதற்குள் டிபேஸ் கோப்பைத் தெரிவு செய்யுங்கள். இறக்குமதியா இணைப்பா என்று கேட்கும். இறக்குமதி செய்தால் இன்றைய கணக்கு நாளைக்குப் பழசு, அதனால் இணைப்பு. கோப்பு வகையில் டிபேஸ் 3 என்று வைத்து, மேலே சொன்ன பாதையை அடித்து அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இணைந்த அட்டவணை சின்ன அம்புக்குறியோடு வரும். மறக்காமல் பதிவுகளின் எண்ணிக்கையை இரண்டு பக்கத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிபேஸில் அழித்த பதிவு உடனே போய்விடாது; பதிவின் முதல் எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், பக் (PACK) என்ற கட்டளையால் அழித்தவற்றை ஒரேயடியாக நீக்கும்வரை கோப்புக்குள்ளேயே கிடக்கும்.

எல்லாம் சரி என்று அட்டவணையைத் திறந்தால், இலக்கங்களும் திகதிகளும் ஒழுங்காக இருந்தன. பெயர்கள்தான் ஆங்கில எழுத்துக் குவியல். அண்ணை என்னைப் பார்த்த பார்வை! பயப்பட ஒன்றுமில்லை, அது பாமினி: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. தமிழ் என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கோப்பில் கிடக்கும். அந்த நிரலின் பெயர்க் கட்டத்துக்குப் பாமினி எழுத்துரு கொடுத்திருந்தார்கள். எக்செஸிலும் ஒரு படிவம் செய்து பெயர்ப் பெட்டிக்கு மட்டும் அதே எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் வந்துவிடும்.

ஆனால் தேடும்போது சிக்கல் தொடங்கும், இதில்தான் எனக்கு ஒரு பின்னேரம் போனது. பாமினியில் சின்ன ஆர் ச, பெரிய ஆர் சு. எக்செஸ் ஒப்பிடும்போது சின்னது பெரியது பார்ப்பதில்லை. ஆகவே சுதாவைத் தேடினால் சதாவும் வருவார். தேடலில் வந்தால் பார்த்துத் தள்ளிவிடலாம். பெயரை வைத்துக் கூட்டுத்தொகை எடுத்தால் இரண்டு பேரின் மூடையும் ஒரு கணக்கில் விழும், காசு விடயம். எப்போதும் விவசாயி இலக்கத்தை வைத்தே கூட்டுங்கள், பெயரை வைத்துக் கூட்டாதீர்கள்.

பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துத் தேட உதவும் லைக் என்ற எக்செஸ் சொல்லைப் போட்டுத் தேடுவது இன்னும் மோசம். பாமினியில் ஜ என்பது இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி, சூ என்பது எண் குறி. லைக்குக்குள் அந்த அடைப்புக்குறி ஒரு தொகுதியின் தொடக்கம், எண் குறி ஏதாவது ஓர் இலக்கம். ஜெயாவைத் தேடினால் பிழைச் செய்தி வரும், சூரியனைத் தேடினால் ஒன்றுமே வராது. அதனால் நான் லைக்கை விட்டுவிட்டு ஐ, என், எஸ், டி, ஆர் என்ற ஐந்தெழுத்துச் செயற்கூறைப் பாவித்தேன். முதலாவது இடத்தில் 1, பிறகு பெயர்ப் புலம், பிறகு தேடும் சொல், நான்காவதாக 0. அந்தக் கடைசி 0தான் சின்னதையும் பெரியதையும் வேறாகப் பார்க்கச் சொல்வது. விடை பூச்சியத்தை விடப் பெரிது என்றால் ஆள் இருக்கிறார்.

அகரவரிசையும் வராது. பாமினியில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும் என்பதால் செல்வம், தெய்வானை, கெங்கா எல்லோரும் ஒரே இடத்தில் போய்க் குந்துவார்கள். ஊர் வாரியாக அடுக்கிப் பார்த்தால் காணும் என்றார் அண்ணை, நானும் அதோடு விட்டுவிட்டேன்.

எக்ஸ்பி கணினி என்றோ ஒருநாள் படுக்கும். கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றினால் எக்செஸில் எதையும் அழிக்கத் தேவையில்லை; வெளித்தரவுத் தாவலில் உள்ள இணைப்பு அட்டவணை மேலாளரைத் திறந்து புதிய பாதையைக் கொடுத்தால் போதும். அதுவரை, முன்மேசை அக்கா மதியம் சாப்பிடப் போகும்போது நிரலை மூடிவிட்டு டிபிஎஃப், டிபிடி, என்டிஎக்ஸ் மூன்றையும் சேர்த்துப் பென் டிரைவில் கொப்பி எடுக்கிறார். நிரல் திறந்திருக்கும்போது எடுத்த கொப்பியை நான் கணக்கில் எடுப்பதில்லை.