கடலில் தத்தளிப்பவருக்கு டிரோனில் மிதவை போடுவது எப்படி

2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் கடற்கரையில் பெரிய அலைகளில் மாட்டிக்கொண்ட இரண்டு பையன்களுக்கு டிரோன் மிதவை போட்டது, அதைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். டிரோன் கிளம்பி மிதவை விழ ஓரிரு நிமிடம்தான்.

அந்த வேகம் வேண்டுமென்றால் காலையிலேயே பேட்டரியை நிறைத்து, மிதவையை மாட்டித் தயாராக வையுங்கள். ஒருவர் டிரோனை ஓட்டட்டும், இன்னொருவர் தத்தளிப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் என்று பார்த்து, அப்புறம் தாழ இறங்கி, மிதவை அவரை நோக்கி நகர்ந்து வரும்படி சற்றுத் தள்ளிப் போடுங்கள், நேரே தலைமேல் வேண்டாம். தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் வகைதான் நல்லது.

சரி, மிதவை கிடைத்துவிட்டதே என்று உயிர்காப்பாளர் கரையில் நிற்கக் கூடாது. களைப்பில் பிடி நழுவும். உயிர்காப்பாளர் தத்தளிப்பவரிடம் போய்ச் சேரும்வரை டிரோன் மேலேயே நிற்கட்டும்.