கத்திரி வெயிலில் முதியோரின் நீரிழப்பை அறிந்து தடுப்பது எப்படி?

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுவதால், வீட்டுப் பெரியவர்கள் "தாகமே இல்லை" என்று சொல்வதை நம்பி நாம் இருந்துவிடக் கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாகக் குறைந்து போவதும், நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டுவதும், எழுந்து நிற்கையில் தலை சுற்றுவதும் நீரிழப்பின் அறிகுறிகள். (புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இவர்களுக்குப் பொருந்தாது, அது இயல்பாகவே தளர்ந்திருக்கும்.) கட்டிலருகே கைக்கெட்டும்படி ஒரு செம்பு நீர் வைத்து, அவ்வப்போது அரை டம்ளராவது குடிக்கச் செய்யுங்கள், நீர்மோரும் நல்லது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவே கொடுக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கின்போது உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு இந்த அளவைத் தாண்டவே கூடாது. பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.