விசாரணை இல்லாமல் டிஸ்மிஸ்: காவலர்கள் ஆணையில் பார்க்க வேண்டியவை

டிஸ்மிஸ் ஆணை கைக்கு வந்ததும் தெரிந்த பெரிய அதிகாரியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அந்தத் தாளைப் பொறுமையாகப் படியுங்கள். அரசியலமைப்பின் 311-வது பிரிவு அரசின் சிவில் பணியாளர்களுக்குத் தரும் பாதுகாப்பு இரண்டாம் நிலைக் காவலருக்கும் உண்டு.

படி 1: கையெழுத்து யாருடையது?

உங்களை நியமித்த அதிகாரியைவிடக் கீழ்நிலையில் உள்ளவர் உங்களை டிஸ்மிஸ் செய்ய முடியாது. நியமன ஆணையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எஸ்.பி. நியமித்தவரை டி.எஸ்.பி. நீக்கியிருந்தால், ஆணையை ரத்து செய்ய அந்த ஒரு காரணமே போதும்.

படி 2: என்ன தண்டனை?

டிஸ்மிஸ் (dismissal), பணிநீக்கம் (removal), பதவி இறக்கம் ஆகிய மூன்றுக்குத்தான், விசாரணை நடத்தாமல் தண்டிக்கக் கூடாது என்ற 311(2)-ன் பாதுகாப்பு. சஸ்பென்ஷனும் இடமாற்றமும் இதில் வராது.

படி 3: விசாரணை முறையாக நடந்ததா?

தமிழ்நாட்டில் பெரிய தண்டனை என்றால், காவலர்களுக்கான ஒழுங்கு விதிகளின் 3(பி) விதிப்படி சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வரவேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும். எதிர்ச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் தரப்புச் சாட்சிகளைக் கொண்டுவரவும் வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலும் முடிவெடுக்கும் முன்பே உங்களுக்கு வரவேண்டும். கருணாகர் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தண்டனையைப் பற்றித் தனியாக இன்னொரு நோட்டீஸ் தரும் கட்டாயத்தை 1976-ன் 42-வது திருத்தம் எடுத்துவிட்டது. அதனால் அறிக்கைக்கு நீங்கள் எழுதும் பதிலை ஏனோதானோ என்று எழுதிவிடாதீர்கள்.

படி 4: விசாரணையே இல்லையென்றால், எந்த விதிவிலக்கு?

அரசியலமைப்பு மூன்றே மூன்று விதிவிலக்குகள் தருகிறது. (அ) குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருப்பது. (ஆ) விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி காரணத்தை எழுதிவைப்பது. (இ) மாநிலப் பாதுகாப்பு கருதி விசாரணை வேண்டாம் என்று ஆளுநர் முடிவெடுப்பது.

காவலர்கள் மேல் அதிகம் பாய்வது (ஆ). நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியதும் அதைத்தான். 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதிகாரி நினைத்தபடியெல்லாம் அதைப் பயன்படுத்த முடியாது என்றும் சொன்னது. பஞ்சாப் காவல்துறையைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங்கை இப்படி நீக்கியபோது, சொன்ன காரணத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்த ஆணை ரத்தானது. “சாட்சிகள் பயப்படுவார்கள்” என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் கேளுங்கள்: யார் பயந்தார்கள், யார் மிரட்டினார்கள், அதற்கு என்ன பதிவு? காரணம் ஆணையிலேயே இல்லாவிட்டால் அதை எழுதிவைத்த கோப்பின் நகலைக் கேளுங்கள். மேலதிகாரியின் தவறைச் சொன்னவர் வாயைத் திறக்கக்கூட வாய்ப்பில்லாமல் வேலையை இழப்பதைத் தடுப்பது இந்தக் கேள்விகள்தான். அதனால் இவற்றைக் கேட்கத் தயங்கவே கூடாது.

படி 5: மேல்முறையீடு

ஆணை கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்துவையுங்கள். கெடு அங்கிருந்துதான் ஓடும். நிலைமை இப்போது மாறிவிட்டது, எனவே இனியாவது விசாரணை நடத்துங்கள் என்று மேல்முறையீட்டிலேயே கேட்கலாம். துளசிராம் தீர்ப்பு அதற்கு இடம் தருகிறது. அங்கும் நடக்கவில்லையென்றால் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். விசாரணை இல்லை என்பதற்காக ஆணை ரத்தானால், புதிதாக விசாரணை தொடங்கத் துறைக்கு உரிமை உண்டு. ஜெயித்த பிறகும் உங்கள் ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.