புது விண்டோஸ் போட்ட முதல் பத்து நாள்: எந்தப் புலம்பலுக்கு ஓட வேண்டும்?

குமுளியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஏலக்காய் வியாபாரிகள். மீதி ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், மலைக்குக் கீழே கூடலூர், கம்பம் வரை கணக்கு எழுதுகிறவர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, "அக்கா, பதினொண்ணு போட்டுக் குடுங்க" என்று தமிழிலும் "சேச்சி" என்று மலையாளத்திலும் கேட்டு வருகிறார்கள். போட்டுக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. மறுநாள் காலையில் ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும் பாருங்கள், அதுதான் வேலை.

வீட்டுக்கோ கடைக்கோ மாமனாருக்கோ நீங்களே அப்கிரேடு செய்து தரப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போகும் வழி, மாற்றிய நாளிலிருந்து பத்து நாள் மட்டும்தான் திறந்திருக்கும். பிறகு விண்டோஸ் தானாகவே பழையதை அழித்துவிடும். வரும் குறைகளில் எது பழக்கத்தால் வருவது, எது உண்மையான கோளாறு என்று அந்தப் பத்து நாளுக்குள் நீங்கள் பிரித்தாக வேண்டும். எல்லாப் புலம்பலும் ஒரே சத்தத்தில்தான் வரும் என்பது இதில் சிக்கல். ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்ததற்கும் பில் அடிக்க முடியாததற்கும் எங்கள் ஊர் வியாபாரிகள் ஒரே குரலில்தான் கத்துவார்கள்.

தொடுவதற்கு முன்

நாள் பார்த்துச் செய்யுங்கள். ஏலம் இருக்கும் நாளில் ஏலக்காய்க் கடை மெஷினைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவர் மெஷின் என்றால் மாதம் 11-ம் தேதியையும் 20-ம் தேதியையும் ஒட்டித் தொடாதீர்கள். ஜூன், ஜூலையில் இங்கே மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இந்த மலையில் நெட்டை நம்பிப் பல ஜிபி இறக்குவதும் வேண்டாம். 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் கீழேயே இன்ஸ்டலேஷனைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மெஷின் தாங்குமா என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்கும். இடறுவது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட், பிராசஸர் ஆகிய மூன்றில்தான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். டிபிஎம் சில மெஷின்களில் இருந்தும் பயாஸில், அதாவது மெஷினின் அடிப்படை செட்டிங்ஸில், ஆஃப் செய்யப்பட்டிருக்கும். அதனால் "இல்லை" என்று வந்த உடனே புது மெஷின் வாங்கச் சொல்லாதீர்கள்.

பேக்கப் கட்டாயம். பைல்களை அப்படியே வைத்துக்கொள்ளும் வகை அப்கிரேடு இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துத் திருத்திய பிறகே மறுபடி விட்டது. கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். டாலி கணக்கு டேட்டாவையும் டெஸ்க்டாப்பையும் வெளி டிஸ்க்கில் எடுத்த பிறகு, திரையை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்: டெஸ்க்டாப், டாஸ்க்பார், பிரிண்டர் பட்டியல், டிவைஸ் மேனேஜரில் உள்ள போர்ட்டுகள். "முன்னாடி இங்கதான் இருந்துச்சு" என்று நாளைக்குச் சண்டை வந்தால் அந்தப் படம்தான் தீர்ப்பு.

இன்னும் ஒன்று, இங்கே அடிக்கடி மாட்டுவது. பழைய கடைகளில் இன்றைக்கும் டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம் ஓடுகிறது. அப்பா காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது, கறுப்புத் திரை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அது ஓடுவதற்குக் காரணம் அந்த மெஷினில் இருப்பது பழைய வகையான 32-பிட் விண்டோஸ். விண்டோஸ் 11-ல் 32-பிட் என்பதே கிடையாது. 64-பிட்டில் அந்தப் புரோகிராம் நேராகத் திறக்காது. அதோடு 32-பிட்டிலிருந்து பைல்களை வைத்துக்கொண்டே மேலே ஏறவும் முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அப்படிப்பட்ட மெஷினைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்டுக்கொண்டால் போதும் என்கிற புலம்பல்கள்

"என்ன தாயி, கீழ இருந்ததெல்லாம் நடுவுல வந்து உக்காந்துருச்சு?" முதல் நாள் வரும் கேள்வி இதுதான். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் போய் அலைன்மென்ட்டை லெஃப்ட் என்று மாற்றினால் ஸ்டார்ட் பழைய மூலைக்குப் போய்விடும். புதியதைப் பழகட்டும் என்று சில பையன்கள் மாற்றாமல் விடுகிறார்கள். அறுபது வயதுக்காரருக்குப் பாடம் நடத்த அதுவா இடம்? கேட்பதற்கு முன்பே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். பாதி ஃபோன் குறையும்.

அடுத்தது ரைட் கிளிக். மெனு சுருங்கிவிட்டது, பழைய வரிகள் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் ஒளிந்துகொண்டன. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும். காப்பி, பேஸ்ட் எங்கே என்று தேடுவார்கள். அவை மெனுவில் எழுத்தாக இல்லாமல் சின்னப் படங்களாக இருக்கக்கூடும் என்று காட்டிக்கொடுங்கள்.

மூன்று எக்செல் திறந்தால் டாஸ்க்பாரில் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது என்பது கணக்கு எழுதுகிறவர்களின் குறை. அதே டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் "கம்பைன்" என்ற வரியை "நெவர்" ஆக்குங்கள். இந்தக் குறை நியாயமானது. 2021 அக்டோபர் 5-ல் விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதியே இல்லை. ஆட்கள் விடாமல் கேட்டு 2023-ல்தான் திரும்ப வந்தது. பைலை இழுத்து டாஸ்க்பாரில் விடும் வசதியும் அப்படித்தான், 2022-ல் வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த வருஷம் 8.1-ல் திருப்பிக் கொடுத்ததும் நினைவிருக்கும். ஆகவே முதல் வாரத்தில் திட்டுகிறவர்களை "பழக்கமில்லாதவங்க" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் மெஷினில் 22எச்2 போன்ற பழைய பதிப்பு இருந்தால் அப்டேட் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

பழைய ஸ்டார்ட் மெனுவைக் கொண்டுவரும் வெளி புரோகிராம்களை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தால் அது முறைத்துக்கொள்ளும், திட்டு எனக்கு வரும்.

"ஸ்லோவா இருக்கு" என்பதை மட்டும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு நம்ப வேண்டாம். உள்ளே தேடல் பட்டியல் புதிதாகத் தயாராகும், ஸ்டோர் ஆப்கள் அப்டேட் ஆகும், டிரைவர்கள் இறங்கும். ராத்திரி மெஷினை அணைக்காமல், ஸ்லீப்புக்கும் போகவிடாமல் விடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை, எஸ்எஸ்டி போட வேண்டும்.

எழுந்து போக வேண்டியவை

"டெஸ்க்டாப்ல ஒண்ணையும் காணோம்" என்று அழுகிற குரல் வந்தால் முதலில் ஒன்டிரைவைப் பாருங்கள். புதிய திரைகளில் "பேக்கப் செய்யவா" என்று கேட்கும்போது அவசரத்தில் ஆமாம் கொடுத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பியதும் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வரும், இவர்கள் வைரஸ் என்று பயப்படுவார்கள். பைல்கள் இருக்கின்றன என்று காட்டி, ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்தி, பைல்களைப் பழைய ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். நிறுத்துவதற்கு முன் காப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து விஷயம் எல்லை ஊரில் இரட்டைத் தலைவலி. இங்கே ஒரே நோட்டீஸில் மேலே மலையாளம், கீழே தமிழ் அடிப்பார்கள். பழைய கோப்புகளில் தமிழுக்கு லதா, மலையாளத்துக்குக் கார்த்திகா. இந்த இரண்டுமே இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. புதிதாகப் போட்ட மெஷினில் அவற்றுக்குப் பதில் வேறு எழுத்துரு உட்கார்ந்து, வரி தள்ளி, ஒரு பக்க நோட்டீஸ் ஒன்றேகால் பக்கமாகிவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்", "மலையாளம் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" இரண்டையும் சேருங்கள். பாமினி போல யூனிகோட் அல்லாத எழுத்துருக்கள் கதை வேறு. அவற்றைப் பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை முழுவதும் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தாகத் தெரியும். தட்டச்சுக்குத் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கின்றன. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும்.

பிரிண்டர். ஒரு மெஷினில் மாட்டி மூன்று மெஷினிலிருந்து அடிக்கிற கடைகளில் கட்டாயம் சத்தம் வரும். முதலில் நெட்வொர்க் "பிரைவேட்" என்று இருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்திருந்தால், விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 முதலான பதிப்புகள் அந்த மாதிரி விருந்தாளி நுழைவைத் தடுத்துவிடும். பாதுகாப்பைத் தளர்த்தும் வழியை யாராவது ஃபோனில் சொல்லித் தருவார்கள், கேட்காதீர்கள். பிரிண்டர் இருக்கிற மெஷினில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி, மற்ற மெஷின்களில் அந்தப் பெயரைக் கொடுத்து ஒருமுறை நுழைந்து சேமித்தால் போதும்.

எடைத் தராசுதான் இங்கே உயிர்நாடி. ஏலக்காய்க் கடையில் தராசிலிருந்து எடை நேராக பில்லுக்குப் போகும், நடுவில் சீரியலை யுஎஸ்பி ஆக்கும் ஒரு சின்ன வயர் இருக்கும். அப்கிரேடு ஆனபின் தராசு பேசவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, போர்ட் எண் மாறியிருக்கும்: புரோகிராம் காம்3-ஐத் தேடும், வயர் காம்5-ல் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் எண்ணைப் பழையதாக்குங்கள். முன்பு எடுத்த படம் இங்கே கை கொடுக்கும். இன்னொன்று, வயரில் இருக்கும் பழைய வகை சிப். இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது என்ற வரியே டிவைஸ் மேனேஜரில் தோன்றும். அதோடு மல்லுக்கட்டாமல் புது வயர் வாங்கிவிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் புது டிரைவர் தேவைப்படலாம், கடைசித் தேதிக்கு முன் ஒரு தடவை செருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரை நீலமாகி 48 இலக்க எண் கேட்டால் பதற வேண்டாம், அது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். சாவி பெரும்பாலும் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தார்களோ அதில் இருக்கும். அந்த அக்கவுண்டை யாருடைய மெயிலில் போட்டோம் என்பதுதான் இங்கே யாருக்கும் நினைவிருக்காது. அதனால் நான் மெஷினை ஒப்படைக்கும்போதே சாவியைத் தாளில் அச்சடித்து, கடை லைசன்ஸ் வைக்கும் ஃபைலில் வைக்கச் சொல்கிறேன்.

திரும்பிப் போவது

பில் அடிக்கவோ எடை எடுக்கவோ கணக்கு அனுப்பவோ முடியவில்லை, இரண்டு நாளில் வழியும் தெரியவில்லை என்றால் யோசிக்காமல் திரும்புங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். பைல்கள் இருக்கும்; ஆனால் அப்கிரேடுக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். புதிதாக யூசர் சேர்த்திருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். அதுவரை "டிஸ்க் நிறையுது" என்று யாராவது பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழித்திருந்தால் வழி அடைபட்டது. அந்த ஃபோல்டரைத் தொடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்து நாளை அறுபது வரை நீட்டிக்கவும் ஒரு கட்டளை உண்டு, ஆனால் பத்து நாள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். தராசு, டோக்கன், டாட் மேட்ரிக்ஸ் எல்லாம் உள்ள கடைகளுக்கு நான் அப்கிரேடு முடிந்த கையோடு அதைப் போட்டுவிடுகிறேன்.

விண்டோஸ் 11 வந்த பிறகும் மாதாமாதம் அப்டேட்டில் சங்கடம் வரத்தான் செய்யும். 2025 அக்டோபர் அப்டேட்டில் ரெக்கவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போய், சில நாளில் அவசரத் திருத்தம் வந்தது. கடை மெஷின்களில் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டுப் போடுங்கள், மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

மேலே ஏற முடியாத மெஷின்களுக்கு வருவோம். விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பட்டன் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு லினக்ஸும் நல்லதுதான். கேரளப் பள்ளிகளில் உபுண்டு அடிப்படையிலான கைட் லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதனால் குமுளியில் அப்பாவை விடப் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். டாஸ் பில்லிங் மெஷினை மட்டும் மாற்றாதீர்கள். டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு, நெட் வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைத்துவிடுங்கள். அதில் மெயில் பார்க்க வேண்டும் என்று முதலாளி அடம்பிடித்தால் அதற்கு வேறு மெஷின் வாங்கச் சொல்லுங்கள்.