விண்டோஸ் தொடங்கும்போது என்னென்ன கூடவே ஏறுகின்றன?

கணினி மெதுவாகத் தொடங்கினால் பலரும் டாஸ்க் மேனேஜரோடு நின்றுவிடுகிறார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால் பட்டியல் வரும். அதில் ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ பத்தியில் ‘ஹை’ என்று போட்டிருந்தால், அந்த நிரல் தொடக்கத்தில் 1 வினாடிக்கு மேல் சிபியு நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்திருக்கிறது. ஆனால் சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்), டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்), டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸ் கருவி) பதிந்த வேலைகள் எதுவும் அங்கே வராது. அப்டேட்டர்கள் பெரும்பாலும் குடியிருப்பது அந்த ஷெட்யூலரில்தான்.

முழுப் பட்டியலுக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்திலிருந்து ஆட்டோரன்ஸ் என்ற கருவியை இறக்குங்கள். இலவசம், நிறுவவும் வேண்டாம். ஜிப்பைப் பிரித்து, ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். ஆப்ஷன்ஸ் மெனுவில் முதலில் ஸ்கேன் ஆப்ஷன்ஸைத் திறந்து, கையொப்பச் சரிபார்ப்பை இயக்குங்கள் (கையொப்பம் என்பது கோப்பை வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் முத்திரை). மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைப்பது அதற்குப் பிறகுதான். வரிசை முக்கியம்: சரிபார்ப்பு இல்லாமல் மறைத்தால், நிறுவனப் பெயரில் ‘மைக்ரோசாஃப்ட்’ என்று எழுதிக்கொண்ட போலிக் கோப்பும் சேர்ந்து மறைந்துவிடும்.

மஞ்சள் வரி என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை. எப்போதோ நீக்கிய நிரலின் மிச்சம். இளஞ்சிவப்பு என்றால் கையொப்பம் இல்லை அல்லது செல்லவில்லை. உடனே வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டாம், சிறிய இலவச நிரல்கள் பலவற்றுக்குக் கையொப்பம் இருப்பதில்லை. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடுவது எதுவானாலும் சந்தேகத்துக்குரியது.

தேவையற்றதை அழிக்காதீர்கள், டிக்கை மட்டும் எடுங்கள். டிக்கைத் திரும்பப் போட்டால் பழைய நிலை வந்துவிடும், அழித்தது வராது. டிரைவர், வின்லாகான் (விண்டோஸில் உள்நுழைவதைக் கவனிப்பது) பகுதிகளில் கை வைக்கவே வேண்டாம்.

டிக் எடுத்த நிரல் சில நாளில் மறுபடி முளைப்பதுண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், நிரலைத் தானாகத் தொடங்கவைக்கும் ‘ரன்’ பதிவை ஆட்டோரன்ஸ் வேறிடத்துக்கு நகர்த்திவைக்கிறது. நிரல் அடுத்த முறை ஓடும்போது அதே இடத்தில் புதிதாக எழுதிக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜர் பதிவைத் தொடாமல், தடையைத் தனியாகக் குறித்துவைக்கும். அதனால் இந்த வகைக்கு டாஸ்க் மேனேஜரே மேல். நிரலின் சொந்த செட்டிங்ஸிலேயே அணைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

சர்வீஸ்களில் எல்லாவற்றையும் ‘டிசேபிள்ட்’ ஆக்குவது வம்பு, ஒன்றை நம்பி இன்னொன்று ஓடும். அவசரமில்லாத வெளி நிறுவன சர்வீஸை ‘ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்’ ஆக்கினால், மற்றவை ஏறிய பிறகு, பொதுவாக 2 நிமிடம் போல் தள்ளி, தொடங்கும்.

கண்காணிப்பு என்பது இதற்கு அப்பால்தான் இருக்கிறது. சுத்தம் செய்த நிலையை ஆட்டோரன்ஸின் ஃபைல் மெனுவில் சேவ் செய்துவையுங்கள். புதிய நிரல் நிறுவியதும் அதே மெனுவில் கம்பேர் கொடுத்தால், கூடியவை பச்சையில் தெரியும். புதிய சர்வீஸ் எப்போது நுழைந்தது என்று தெரிய, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாகில் 7045 என்ற எண்ணை வடிகட்டுங்கள். பெயர், கோப்பின் இடம், நேரம் மூன்றும் இருக்கும். அதே வியூவரில், விண்டோஸின் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் லாகில் 100 என்ற எண் தொடக்க நேரத்தை மில்லிவினாடியில் சொல்லும்.

அளக்கும்போது ஷட்டவுன் போதாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் புதிதாக ஏறாமல், ஷட்டவுனில் சேமித்த ஹைபர்னேட் கோப்பிலிருந்தே திரும்புகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.