விலாசம் பறிபோனால்: கடைப் பேரில் வேறொருவன் டாட் ஷாப் வாங்கிவிட்டால் என்ன செய்வது?

காரைக்குடியில் என் அயித்தை பலகாரக் கடை வைத்திருக்கிறார். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை. பாதிச் சரக்கு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகும். டாட் காம் முகவரி ரொம்ப வருஷமாக இருக்கிறது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்: "பணம் கட்டிப் பத்து நாளாச்சு ஆச்சி, டப்பா வரலையே?" தேடிப் பார்த்தால் அதே பேரில் டாட் ஷாப் என்று ஒரு தளம். படம் எங்களுடையது, விலைப்பட்டியல் எங்களுடையது, பணம் மட்டும் யாருக்கோ.

அயித்தை கேட்டார்: "பேரை வச்சுக்கிட்டா வச்சுக்கட்டும், எனக்கு வர்ற காசை ஏன்டா வாங்குறான்?" சரியான கேள்விதான். பேரைத் திருடுவது ஒன்று, காசைத் திருடுவது இன்னொன்று. இரண்டுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு. அன்றைக்கு இது தெரியாமல் நாலு நாள் வீணாகப் போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பின்கதை. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2012இல் புதிய விகுதிகளுக்கு (டாட் காம் போல முகவரியின் கடைசித் துண்டு) விண்ணப்பம் வாங்கியது, 1,930 வந்தன. 2013 கடைசியிலிருந்து டாட் குரு, டாட் பைக், டாட் ஷாப் என்று ஆயிரத்துக்கும் மேலே இறங்கிவிட்டன. டாட் குரு வந்த சூட்டோடு ஐபிஎம் பேரையே ஒருவர் அதில் பதிந்தார். 2014இல் அந்த நிறுவனம் புகார் கொடுத்து முடக்க வைத்தது. ஐபிஎம்முக்கே அந்தக் கதி.

படி 1: படம் பிடியுங்கள். கோபத்தில் அவனுக்கு மெயில் தட்டாதீர்கள். உஷாராகித் தளத்தை மாற்றிவிடுவான். ஒவ்வொரு பக்கத்தையும், பணம் கட்டும் பக்கம் உட்பட, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஏமாந்த வாடிக்கையாளரிடம் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பிறகு ஐகானின் லுக்அப் பக்கத்தில் அந்த முகவரியைத் தட்டினால் எந்த ரிஜிஸ்டிரார் (பேரைப் பதிந்து விற்கும் நிறுவனம்) வழியாக, எந்தத் தேதியில் பதிந்தது, எப்போது காலாவதி என்று வரும். ஆள் பேர் பெரும்பாலும் மறைந்திருக்கும், பரவாயில்லை. முக்கியமானது பதிந்த தேதி: நீங்கள் கடை தொடங்குவதற்கு முன்பே அவன் வாங்கியிருந்தால், உங்களைக் குறிவைத்து வாங்கினான் என்று சொல்வது கடினம்.

"இவ்வளவு கொடு, தருகிறேன்" என்று அவனாகவே எழுதினால் அழிக்காதீர்கள். செலவுக்கு மேல் விலை வைத்து விற்கப் பார்ப்பது கெட்ட எண்ணத்துக்குச் சாட்சி.

படி 2: காசு விஷயத்தை அன்றைக்கே சொல்லுங்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன், இல்லாவிட்டால் மத்திய அரசின் சைபர் கிரைம் தளம். கூடவே ரிஜிஸ்டிராரின் அபியூஸ் (முறைகேட்டுப் புகார்) முகவரிக்கு ஒரு புகார். அதில் "டிரேட்மார்க் திருட்டு" என்று மட்டும் எழுதினால், நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். எங்களுக்கு வந்தது. "பிஷிங், எங்கள் கடை போல் நடித்துப் பணம் வாங்குகிறார்கள்" என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து, ஆதாரத்தோடு வரும் பிஷிங் புகாருக்கு நடவடிக்கை எடுப்பது ரிஜிஸ்டிராரின் ஒப்பந்தக் கடமை.

படி 3: அது உங்கள் பேர்தானா? இங்கேதான் நம் ஊர்க் கடைகள் பலவும் சறுக்கும். "செட்டிநாடு முறுக்கு" என்று போர்டு வைத்துவிட்டு அந்தப் பேர் எனக்கே என்றால் நடக்காது. ஊர்ப் பேரையும் பண்டத்தின் பேரையும் சேர்த்தால் அது எல்லாருக்கும் பொது. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதுவும் தனியொரு கடையின் டிரேட்மார்க் ஆகாது. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் நம்மவர்கள் தங்கள் தொழிலுக்கு அடையாளமாக விலாசம் என்று மூன்று நாலு எழுத்து வைத்திருந்தார்களே, அந்த மாதிரி உங்களை மட்டும் காட்டும் சொல் வேண்டும். அயித்தை கடைப் பேரில் அப்படி ஒரு சொல் இருந்தது, பதியத்தான் இல்லை. டிரேட்மார்க் பதிவில் பண்டங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; முறுக்கு வகைக்கு 30ஆம் வகுப்பு. தனியாளும் சிறுதொழிலும் ஆன்லைனில் பதிய அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிந்தால் பத்து வருஷம், பிறகு புதுப்பிக்கலாம்.

படி 4: பேரை மீட்கும் வழி. யுஆர்எஸ் என்பது புதிய விகுதிகளுக்காகவே வந்த விரைவு முறை. 500 வார்த்தைக்குள் புகார், செலவு சில நூறு டாலர், எதிராளிக்கு 14 நாள். ஆனால் பதிந்து, புழக்கத்தில் இருக்கும் டிரேட்மார்க் வேண்டும். விண்ணப்பித்திருக்கிறேன் என்பது போதாது. ஜெயித்தாலும் அவன் வாசலுக்குப் பூட்டுப் போடுவார்கள், சாவி உங்களுக்கு வராது.

சாவி வேண்டுமென்றால் 1999இலிருந்து இருக்கும் யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறை. பேர் உங்கள் மார்க்கைப் போல இருக்கிறது, அவனுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் பதிந்து பயன்படுத்துகிறான்: மூன்றையும் காட்ட வேண்டும். பதியாத மார்க்கையும் ஏற்பார்கள். பில், விளம்பரம், பத்திரிகைச் செய்தி என்று புழக்கத்துக்குச் சாட்சி வேண்டும். இந்த வழக்குகளைக் கேட்கும் ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவருக்கு 1,500 டாலர், அதாவது லட்சத்துக்கு மேல். சிறுகடைக்கு இது கட்டுப்படியாகுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். டாட் இன் பேருக்கு இரண்டும் பொருந்தாது, அதற்கு டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி என்ற தனி முறை. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது என்றாலும், இணையப் பேருக்கும் டிரேட்மார்க் போலப் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்போவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது.

படி 5: இனிமேலுக்கு. டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் என்ற பொதுப் பட்டியலில் உங்கள் மார்க்கைப் பதிந்தால், புது விகுதி திறக்கும்போது குறைந்தது 30 நாள் முன்னுரிமையாக வாங்கலாம். ஆனால் எழுத்துக்கு எழுத்து அதே பேருக்குத்தான்; பின்னால் "ஸ்நாக்ஸ்" ஒட்டினால் நழுவிவிடும். ஏற்கெனவே திறந்த விகுதிகளுக்கு இந்த முன்னுரிமை உதவாது. எல்லா விகுதியையும் வாங்கிக் குவிப்பதும் வேண்டாம். காம், இன், ஷாப் மூன்றும் போதும் என்பது என் கருத்து. முதல் வருஷம் நூறு ரூபாய் என்பார்கள். புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அந்த டாட் ஷாப் தளம் இப்போது வெறும் பக்கமாகக் கிடக்கிறது, பேர் இன்னும் அவனிடம்தான். யுடிஆர்பிக்குப் போகவில்லை, டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம். காலாவதித் தேதியை அயித்தை அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கே கைக்கு வராது, அதற்கு மேலும் இரண்டு மூன்று மாதம் இழுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். "புதுக் காலண்டர் வரட்டும், அதுலயும் போட்டு வைக்கிறேன்" என்றார்.